பாதி வழியில் நிற்கும் டி.வி.டி.! கல்யாண வீடியோவுக்குக் காப்பி எடுப்பது எப்படி?

மும்பையில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில், பீரோவின் மேல் தட்டில், பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு பொருள் பத்திரமாக இருக்கும். நகைப்பெட்டி அல்ல. கல்யாண வீடியோ!

2005-ம் ஆண்டுக்குப் பிறகு நடந்த கல்யாணங்கள் பெரும்பாலும் டி.வி.டி. தட்டில்தான் இருக்கின்றன. அதற்கு முந்தியவை கேசட்டில் இருந்தன. அவற்றையும் பலர் பின்னால் தட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இப்போது வரும் லாப்டாப்புகளில் தட்டு போடும் வசதியே இருப்பதில்லை. டி.வி.டி. பிளேயர் விற்கும் கடைகளும் அருகிவிட்டன. தட்டுக்கும் வயதாகிறது. ஆகவே, "இன்னொரு காப்பி எடுத்து வைத்துவிடுவோம்" என்று பலர் புறப்படுகிறார்கள். பாதி வழியில் திண்டாடுகிறார்கள்.

தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கம் தையல் தொழில் செய்யும் அன்பர் ஒருவருக்கு நேர்ந்தது இது. நெல்லைச் சீமைக்காரர். 2009-ல் ஊரில் கல்யாணம். அவருடைய தாயார் 2021-ல் காலமாகிவிட்டார். தாயார் நடப்பது, பேசுவது, பந்தியில் நின்று பரிமாறுவது எல்லாம் இருப்பது அந்தக் கல்யாணத் தட்டு ஒன்றில் மட்டும்தான். "அண்ணே, எனக்கும் ஒரு காப்பி போட்டு அனுப்புங்க. அம்மா குரலைக் கேக்கணும்" என்று ஊரிலிருந்து தங்கை போன் செய்தார்.

அன்பர் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் நான்கு வெற்றுத் தட்டுகளைப் போட்டுப் பார்த்தார். நான்கும் ஐம்பது சதவீதத்தில் நின்றுவிட்டன. "உங்க ஒரிஜினல் போயிடுச்சு, ஒண்ணும் செய்யமுடியாது" என்று கைவிரித்தார். வீணான நான்கு தட்டுகளுக்கும் காசு வாங்கிக்கொண்டார்!

ஒரிஜினலில் எந்தக் கோளாறும் இல்லை. வீட்டு பிளேயரில் அது முழுதாக ஓடுகிறது. தவிர, கடைக்காரரின் கம்ப்யூட்டர் அதை முழுதாகப் படித்து முடித்த பிறகுதான் பதியவே ஆரம்பித்தது. படிப்பதில் நின்றால் பழைய தட்டின் மேல் பழி போடலாம். பதிவதில் நின்றால் அதன் மேல் பழி போட நியாயம் இல்லை. காசு கொடுக்கும்முன் எவரும் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: "நின்றது படிக்கும்போதா, பதியும்போதா?"

இரட்டைப் பாதை

அந்த அன்பரின் வீடியோ 7.2 ஜி.பி. சாதாரண டி.வி.டி. தட்டில் 4.7 ஜி.பி.தான் பிடிக்கும். ஆகவே இரட்டை அடுக்குத் தட்டு தேவை. அதில் 8.5 ஜி.பி. பிடிக்கும். வீட்டில் பதியக்கூடிய இரட்டை அடுக்குத் தட்டுகள் 2004-ல் விற்பனைக்கு வந்தன. பெட்டியின் மேல் 'டி.எல்.' என்று போட்டிருக்கும்.

ஒரே தட்டில் இரண்டு அடுக்கு எப்படி? டி.வி.டி. என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. இரட்டை அடுக்குத் தட்டில் முதல் அடுக்கு, பாதி ஒளியைத் திருப்பி மீதியை உள்ளே விடும் கண்ணாடி போன்றது. லேசர் கதிர் அதன் மேலும் பதியலாம். அதைத் தாண்டிப் போய் இரண்டாவது அடுக்கிலும் பதியலாம்.

ரயில் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இது டபுள் லைன். முதல் அடுக்கில் லேசர் தட்டின் நடுவிலிருந்து புறப்பட்டு ஓரம் நோக்கிப் போகிறது. ஓரத்தில் பாயிண்ட் மாறுகிறது. பிறகு இரண்டாவது அடுக்கில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் திரும்பி வருகிறது. பாயிண்ட் மாறும் அந்த இடத்தில்தான் வண்டி கவிழ்கிறது. ஐம்பது சதவீதத்திலோ, அதைச் சற்றுத் தாண்டியோ நிற்பதற்கு அதுவே காரணம்.

அந்த இடத்தில் லேசர் தன் குவியத்தை மாற்றிப் புது அடுக்கைப் பிடிக்கவேண்டும். தகடுகள் ஒரே சீராக ஒட்டப்படாத மட்டமான தட்டு என்றால் பிடி கிடைக்காது. பழைய டிரைவின் லேசர் களைத்திருந்தாலும், லென்ஸில் தூசி படிந்திருந்தாலும் இதே கதிதான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வீடியோத் தட்டில் அடுக்கு எந்த இடத்தில் வேண்டுமானாலும் மாறிவிட முடியாது. காட்சியின் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையில்தான் மாறவேண்டும். அதோடு, முதல் அடுக்கில் இருப்பது இரண்டாவது அடுக்கில் இருப்பதைவிடக் குறையக்கூடாது. ஒவ்வோர் அடுக்கிலும் 20,86,912 செக்டர்கள். ஒரு செக்டருக்கு 2,048 பைட். இந்தக் கணக்கை நாம் போடவேண்டியதில்லை, புரோகிராமே போடும். ஆனால் அதற்குச் சரியான பைலைக் கொடுக்கவேண்டும்.

எந்த பைல்?

இந்த வேலைக்குப் பலரும் பயன்படுத்துவது 'இம்க்பர்ன்' என்ற இலவசப் புரோகிராம். 2005-ல் வந்தது. கடைசிப் பதிப்பு 2013-ல் வெளியானது. பழையதாக இருந்தாலும் இந்த வேலைக்கு இன்றும் அதை மிஞ்ச ஒன்று இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அதில் இரட்டை அடுக்குத் தட்டைப் படித்தால், 'ஐ.எஸ்.ஓ.' என்ற பெரிய பைலுடன் 'எம்.டி.எஸ்.' என்ற குட்டி பைல் ஒன்றும் வரும். பலர் அந்தக் குட்டியைக் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். அடுக்கு மாறும் இடம் குறிக்கப்பட்டிருப்பது அந்தக் குட்டியில்தான்! பதியும்போது பெரிய பைலைத் தேர்ந்தெடுக்காமல் 'எம்.டி.எஸ்.' பைலைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

சிலருக்குப் படிக்கும்போதே 4 ஜி.பி.யில் நின்றுவிடும். பென்டிரைவில் 20 ஜி.பி. காலியாக இருந்தும் "இடமில்லை" என்று சொல்லும். பென்டிரைவ் 'பேட் 32' என்ற முறையில் பார்மட் செய்யப்பட்டிருக்கும். அந்த முறையில் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே பைலாக வைக்கமுடியாது. கம்ப்யூட்டரின் சொந்த ஹார்டு டிஸ்கில் சேமித்தால் தொல்லை தீர்ந்தது.

ஆரம்பத்திலேயே மறுத்தால்

சில சமயம் பதிவு தொடங்கவே தொடங்காது. 'பவர் காலிபரேஷன் எர்ரர்' என்று வரும். பயந்துவிட வேண்டாம். டிரைவ் எந்தத் தட்டிலும் பதியும்முன், லேசரை எவ்வளவு பலமாகப் பாய்ச்சவேண்டும் என்று தட்டின் உள் ஓரத்தில் சோதித்துப் பார்க்கும். "இந்தத் தட்டு எனக்குப் பிடிபடவில்லை" என்று அது சொல்வதுதான் இந்தச் செய்தி. வேறு கம்பெனித் தட்டைப் போட்டுப் பார்க்கலாம். டிரைவுக்கு அதன் கம்பெனி வெளியிட்ட புதிய 'பர்ம்வேர்' கிடைத்தால் அதையும் ஏற்றலாம். தட்டு '+ஆர் டி.எல்.' வகையா, '-ஆர் டி.எல்.' வகையா என்றும் பார்க்கவேண்டும். பழைய டிரைவுகள் சிலவற்றுக்குப் பின்னது ஆகாது. '+ஆர் டி.எல்.' வாங்குவதே நல்லது.

இப்போது பெரும்பாலோர் யு.எஸ்.பி. வயரில் மாட்டும் மெல்லிய டிரைவைத்தான் வாங்குகிறார்கள். அதற்கு மின்சாரமும் அந்த ஒரே வயரில்தான் போகிறது. பதியும்போது அது அதிக மின்சாரம் இழுக்கும். நான்கு துவாரமுள்ள 'ஹப்'பில், மவுஸ், கீபோர்டு, பென்டிரைவோடு இதையும் மாட்டினால் மூச்சு வாங்கி நின்றுவிடும். கம்ப்யூட்டரின் பின்பக்கத் துவாரத்தில் நேராக மாட்டவேண்டும். டிரைவோடு இரட்டைத் தலை வயர் கொடுத்திருந்தால் இரண்டு தலைகளையும் மாட்டவேண்டும். 'செமபோர் டைம்அவுட்' என்று ஒரு செய்தி வந்தால், தட்டைக் குறை சொல்லாதீர்கள். வயரை மாற்றுங்கள்.

வேகம் எவ்வளவு?

டி.வி.டி.யில் '1 எக்ஸ்' என்றால் விநாடிக்குச் சுமார் 1.38 மெகாபைட். ஆரம்ப காலத்து இரட்டை அடுக்குத் தட்டுகள் 2.4 எக்ஸ் வேகத்தில் பதிந்தன. முழுத் தட்டுக்கு 43 நிமிஷம் ஆகும். பிற்பாடு 8 எக்ஸ் தட்டுகள் வந்தன. கடைக்காரர்களுக்கு அவசரம், முழு வேகத்தில் விடுகிறார்கள். 8 எக்ஸ் தட்டை 4 எக்ஸில் பதிவது உத்தமம். "இன்னும் மெதுவாக விட்டால் இன்னும் நன்றாக வரும்" என்று நினைக்கவேண்டாம். அந்தத் தட்டின் சாயம் அத்தனை மெதுவான வேகத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

பதிவு நடக்கும்போது அதே கம்ப்யூட்டரில் சினிமா பார்ப்பது, வைரஸ் சோதனை ஓடவிடுவது எல்லாம் வேண்டாம். முக்கியமாக, சிறிது நேரம் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிடும் ஏற்பாட்டை நிறுத்திவைக்க வேண்டும். 'ஆர்' வகைத் தட்டில் ஒரு முறைதான் பதியமுடியும். பாதியில் நின்ற தட்டு தேநீர் டம்ளருக்கு அடியில் வைக்கத்தான் உதவும்.

பதிந்து முடிந்ததும் 'வெரிபை' என்ற சோதனையைக் கட்டாயம் ஓட்டவேண்டும். பதிந்ததைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்பிடும். இதற்கும் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் கடைகளில் விட்டுவிடுகிறார்கள். தட்டை ஊருக்கு அனுப்பிய பிறகு "ஓடவில்லை" என்று போன் வருவதைவிட, இங்கேயே கால் மணி நேரம் காத்திருப்பது மேல்.

தாராவி அன்பரின் விஷயம் என்ன ஆயிற்று? நண்பர் ஒருவரின் பழைய டெஸ்க்டாப்பில் நல்ல டிரைவ் இருந்தது. ஒரிஜினலை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேர்கோட்டில் துடைத்தார்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் பதிவின் வழியிலேயே விழுந்துவிடும். படித்தார்கள், வேறு கம்பெனித் தட்டில் 4 எக்ஸில் பதிந்தார்கள். 22 நிமிஷத்தில் வேலை முடிந்தது. சோதனையிலும் தேறியது.

ஊர் பிளேயரில் ஓடுமா?

ஊருக்குப் போன தட்டு அங்குள்ள பழைய பிளேயரில் முதலில் ஓடவில்லை. கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது. காரணம், பழைய பிளேயர்கள் தட்டின் 'வகை' என்ன என்று முதலில் பார்க்கும். '+ஆர் டி.எல்.' என்று கண்டால் சில பிளேயர்கள் திருப்பி அனுப்பிவிடும். பதியும்முன்னரே 'புக் டைப்' என்ற இடத்தில் 'டி.வி.டி. ராம்' என்று, அதாவது கடையில் வாங்கும் சினிமாத் தட்டின் வகையாக, அமைத்துவிட்டால் பிளேயர் ஏற்றுக்கொள்ளும். எல்லா டிரைவிலும் இந்த வசதி இல்லை. அந்த நண்பரின் டிரைவில் இருந்தது. இரண்டாவது தட்டு ஓடிவிட்டது.

நடுவில் ஒரு கணம் படம் உறைந்து நின்றது என்று தங்கை பயந்தாராம். அது கோளாறு அல்ல. அடுக்கு மாறும் இடம் அது. கடையில் வாங்கிய சினிமாத் தட்டிலும் கவனித்துப் பார்த்தால் தெரியும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரட்டை அடுக்கு சரிப்படாவிட்டால், வீடியோவை இரண்டாகப் பிரித்து இரண்டு சாதாரணத் தட்டுகளில் பதிந்துவிடலாம். விலையும் குறைவு, நம்பிக்கையும் அதிகம். ஒரே தட்டில் அடக்குவதற்காகப் படத்தைச் சுருக்கித் தருகிறேன் என்று சொல்லும் கடைகளுக்கு மட்டும் சம்மதிக்கக் கூடாது. முகங்கள் கட்டம் கட்டமாகிவிடும். தட்டைக் கொடுக்காமல், படித்த பைலையே பென்டிரைவில் போட்டு கம்ப்யூட்டரில் பார்க்கவும் செய்யலாம். ஹார்டு டிஸ்கில் ஒன்று, தட்டில் ஒன்று, ஊரில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருப்பது நல்லது.

தட்டின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சுழலும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பெயர் எழுத வேண்டுமானால் நடுத்துவாரத்தைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தில் மார்க்கர் பேனாவால் எழுதலாம். பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஓரத்தைப் பிடித்து வளைக்காமல், நடுவிலுள்ள குமிழை அழுத்தி எடுக்கவேண்டும். சாயத்துக்கு வெயில் ஆகாது. மும்பையின் மழைக்காலப் புழுக்கமும் ஆகாது.

வெற்றுத் தட்டுகள் லாமிங்டன் ரோடு கடைகளில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் உலகம் இந்தத் தொழிலை விட்டுக்கொண்டிருக்கிறது. நம் நாட்டிலேயே தட்டு தயாரித்து, தமிழ்ப் படங்களையும் மலிவு விலையில் விற்ற மோசர் பேயர் கம்பெனி 2018-ல் கலைப்புக்குப் போனது. ஜப்பானின் சோனி, பதியக்கூடிய புளூ-ரே தட்டுகளையும் மினி டி.வி. கேசட்டுகளையும் தயாரிப்பதை 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது.

வீட்டில் தட்டாக இல்லாமல் அந்தச் சின்ன மினி டி.வி. கேசட்டாகவே கல்யாண வீடியோ வைத்திருப்பவர்கள் இன்னும் சற்று வேகமாகப் புறப்படவேண்டும். அதை ஓட்ட அந்தக் காலத்துக் கேமராவே வேண்டும். கேமரா வைத்திருந்த ஊர் ஸ்டூடியோக்காரர் அதை இன்னும் விற்காமல் இருக்கிறாரா என்று முதலில் ஒரு போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.