கேம்பிரிட்ஜை விட்டு சிவகாசிக் கூடாரத்துக்கு: சீஷத்துவத்தின் விலையைக் கொடுத்தது யார்?

ராஜபாளையம் அய்யனார் கோவில் மலையடிவாரத்திலிருந்து கிழக்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் என வெயில் காயும் சமவெளி. இன்று விருதுநகர் மாவட்டம். 1850-களில் இது திருநெல்வேலியின் வடபகுதி. இங்கேதான் தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் என்ற மிஷனரி ஊர் ஊராகக் கூடாரம் அடித்து வாழ்ந்தார்.

யார் இந்த ராக்லண்ட்?

1841-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நாலாவது இடம் பிடித்தவர். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெலோ பதவி. நிம்மதியாக அங்கேயே இருந்திருக்கலாம். 1845-ல் சி.எம்.எஸ். மிஷன் மூலம் இந்தியாவுக்குக் கிளம்பி, சென்னையில் அதன் செயலாளர் ஆனார். கடைசியில் அந்த மேசை வேலையையும் விட்டுவிட்டு, 1854-ல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இருவரோடு வட திருநெல்வேலிக்கு வந்தார்.

அப்போதைய வழக்கம் பங்களா, பள்ளிக்கூடம், சர்ச் என ஓரிடத்தில் அமர்ந்துகொள்வது. ராக்லண்ட் திட்டமே வேறு. பங்களா கிடையாது, ஒவ்வொரு கிராமத்துக்கும் திரும்பத் திரும்பப் போக வேண்டும். தென் திருநெல்வேலி சபைகளிலிருந்து உபதேசியார்கள் முறைவைத்து மாதக்கணக்கில் வந்து கூட நடந்தார்கள், செலவை அந்த உள்ளூர் சபைகளே ஏற்றன. வாழ்க்கை வரலாறுகளில் இவர்களுக்கு ஓரமான இடம்தான்.

ஞானஸ்நானம் பெற்றவர்கள் சொற்பம். 1858 அக்டோபர் 22, சிவகாசியில் நுரையீரல் ரத்தக்குழாய் வெடித்து ராக்லண்ட் இறந்தார். வயது 43. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் பின்னாளில் இவரைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

சரி, உள்ளூர்க்காரர் என்ன இழந்தார்?

ராக்லண்ட் இழந்ததெல்லாம் அவரே தேர்ந்தெடுத்தது. மதம் மாறிய கிராமத்து ஆளின் கதை அப்படியல்ல. சாதியை விட்டுத் தள்ளிவைப்பார்கள், பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள், குடும்பச் சொத்தில் பங்கும் போய்விடும். இதற்காகத்தான் 1850-ல் சாதி இழப்பு நீக்கச் சட்டம் வந்தது. மதம் மாறினாலும் சொத்துரிமை போகாது என்றது அது. வங்காளத்திலும் சென்னையிலும் கடும் எதிர்ப்பு கிளம்பியது. சொத்துக்குச் சட்டம் வந்தது. கிணற்றுக்கும் கல்யாணத்துக்கும் எந்தச் சட்டம்?

இன்றும் ஒரு கணக்கு இருக்கிறது

1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். எஸ்.சி. இட ஒதுக்கீடும் தனித்தொகுதியும் கிடையாது.

மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது அரசாணையின் கணக்கு. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் சாதிக்காக எழுப்பிய சுவரைப் பார்த்தவர்களுக்கு அது பொருந்தாது என்று தெரியும்.

இதை ஆராய 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில், கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்பவர் வேலைக்காக மட்டும் எஸ்.சி. சான்றிதழ் கேட்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

பள்ளியில் சேர்க்கும்போதே பெற்றோர் இதை முடிவு செய்தாக வேண்டும். அதனால்தான் பல வீடுகளில் பிள்ளைக்குச் சான்றிதழில் ஒரு பெயர், சர்ச்சில் இன்னொரு பெயர்.