இரவில் தானே அணையும் கணினி

பெரிய கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. முடிய இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும், கண்ணோ சொக்குகிறது. லினக்ஸ் வைத்திருப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. டெர்மினலைத் திறந்து 'சூடோ ஷட்டவுன் +60' என்று அடித்துவிட்டுப் படுக்கலாம். (அடிப்பது ஆங்கில எழுத்தில், இங்கே உச்சரிப்பைத் தருகிறேன்.) 60 என்பது நிமிடக் கணக்கு. அதற்குப் பதில் 23:30 என்று கொடுத்தால் பதினொன்றரைக்கு அணையும். மனம் மாறினால் 'சூடோ ஷட்டவுன் -சி' போதும், ரத்தாகிவிடும்.

சுவிட்சைத் தட்டினால் அணையாதா என்று கேட்கலாம். அணையும், ஆனால் நாம் சேமித்ததை லினக்ஸ் உடனுக்குடன் வட்டில் எழுதுவதில்லை. நினைவகத்தில் வைத்திருந்து, சில நொடிகள் கழித்துச் சேர்த்து எழுதும். திடீரென மின்சாரம் போனால் அதுவும் போச்சு. ஷட்டவுன் அப்படிச் செய்யாது. ஓடும் நிரல்களிடம் கடையைக் கட்டச் சொல்லும், கேட்காதவற்றைப் பிடித்து நிறுத்தும், எஞ்சியதை வட்டில் எழுதிய பிறகே மின்சாரத்தைத் துண்டிக்கும். பலர் புழங்கும் கணினி என்றால், கடைசி 5 நிமிடத்தில் சாதாரணப் பயனர் எவரும் புதிதாக உள்ளே வர முடியாது.

தினமும் அணைய வேண்டுமா? கிரான் இருக்கிறது. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துத் தன் பட்டியலைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போகும் காவலாளி அது. 'சூடோ கிரான்டேப் -இ' என்று அடித்து அந்தப் பட்டியலைத் திறந்து ஒரு வரி சேர்க்க வேண்டும்:

30 22 * * * /எஸ்பின்/ஷட்டவுன் +10

நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்பது வரிசை. நட்சத்திரக் குறிக்கு 'எதுவானாலும்' என்று பொருள். நிமிடம் முதலில் வருவதுதான் வம்பு. நான் முதன்முதலில் '* 22 * * *' என்று எழுதி, +10 இருக்கும் இடத்தில் 'நவ்' (உடனே) போட்டிருந்தேன். பத்து மணிக்கு அணைந்தது. மறுபடி போட்டால், ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் அணைந்தது. மின் இணைப்பில் கோளாறு என்று பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். பதினொன்றுக்குத் தானாகவே சரியானது! பத்து மணியின் ஒவ்வொரு நிமிடமும் அணைக்கச் சொல்லியிருந்தவன் நான்தான். ஆகவே 'நவ்' வேண்டாம், +10 போடுங்கள்; ரத்து செய்ய அவகாசமாவது கிடைக்கும்.

காலையில் எழுப்புவது கிரானால் ஆகாது. கணினி அணைந்தால் அதுவும் அணைந்துவிடும். அதற்கு 'ஆர்டிசிவேக்' என்று தனிக் கட்டளை உண்டு. மதர்போர்டில் காசு அளவு பேட்டரியில் ஓடும் கடிகாரத்தில் அது அலாரம் வைக்கும்.