பெற்றோருக்குப் பின் யார்? - காப்பாளரின் கடமைகள்

சங்கங்களுக்குத் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் அங்கத்தினர் நம்மிடம் சங்க விஷயங்களோடு குடும்ப விஷயங்களையும் பேசுவதுண்டு. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள மகனையோ மகளையோ உடைய பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "எங்கள் காலத்திற்குப் பின் இப்பிள்ளைக்கு யார் பொறுப்பு?" அதற்குச் சட்டம் கூறும் விடையை ஈண்டு விளக்குவோம்.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், பெற்றோர் என்ற முறையில் நமக்குள்ள காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. இதனைப் பலர் அறியார். "அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்று இருந்துவிடுகின்றனர். பெரும்பாலான அண்ணன்மார் நன்றாகவே பார்த்துக்கொள்கின்றனர். ஆயினும், தம்பி நாள் முழுதும் தார் சுற்றி ஈட்டும் கூலி எங்கே செல்கிறது என்று கேட்க எவருமில்லை. தந்தை விட்டுச்சென்ற வீட்டிலும் புஞ்சையிலும் அவனுக்குரிய பாகம் ஒரு கைநாட்டில் கைமாறிவிடவும் கூடும்.

நியமனம் எவ்வாறு?

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு வழி செய்துள்ளது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கும் இதில் அடங்கும். பெற்றோரோ உறவினரோ தாம் தேர்ந்த ஒருவரைக் காப்பாளராக நியமிக்குமாறு உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யலாம். மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் கொண்டது அக்குழு. காப்பாளர் தேவைதானா, எக்காரியங்களுக்குத் தேவை என்பவற்றை அக்குழு ஆராய்ந்தே முடிவு செய்யும்.

கடமைகள் யாவை?

சங்கச் செயலாளர் சங்கப் பணத்திற்கு உடையவர் அல்லர்; அதனைப் பொறுப்பில் வைத்திருப்பவரே. காப்பாளரின் நிலையும் அத்தகையதே. நியமனம் பெற்ற ஆறு மாதத்திற்குள், தம் பொறுப்பிலுள்ளவருக்குரிய நிலம், வீடு முதலிய அசையாச் சொத்துக்களுக்கும், அவர் பொருட்டுத் தாம் பெற்ற அசையும் சொத்துக்களுக்கும் பட்டியல் தரவேண்டும். வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் ஆகியவற்றையும் அதில் காட்டவேண்டும். பின்னர் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்திற்குள், அதாவது ஜூன் இறுதிக்குள், வரவு, செலவு, கையிருப்பு ஆகியவற்றின் கணக்கைச் சமர்ப்பிக்கவேண்டும். கொடுமை செய்தாலும், கவனியாது விட்டாலும், சொத்தைக் கையாடினாலும், பெற்றோரோ உறவினரோ பதிவு பெற்ற நிறுவனமோ அவரை நீக்குமாறு மனுச் செய்யலாம்.

கணக்கு ஒழுங்காயிருப்பது மட்டும் போதாது. தம் பொறுப்பிலுள்ளவரைக் கேளாமலே எல்லாவற்றையும் முடிவு செய்யும் காப்பாளர் நல்ல காப்பாளர் ஆகார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையைக் கூறுகிறது. அதன்படி, குறிப்பிட்ட காரியத்திற்கு, குறிப்பிட்ட காலத்திற்கு, இருவரும் கலந்தே முடிவு காணவேண்டும். அம்முடிவு அவருடைய விருப்பத்திற்கு இணங்கியதாக இருக்கவேண்டும். சொத்து விவகாரத்தில் உதவி செய்பவருக்கே ஆதாயம் முரண்படுமாயின், அவர் அவ்விவகாரத்தினின்று விலகி நிற்கவேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. தறியில் அமர்வதா, தோட்டத்திற்குச் செல்வதா, எந்த வேட்டியை வாங்குவது என்பன போன்றவற்றை அவரே சொல்லக்கூடும். சற்றுப் பொறுமையுடன் எளிய சொற்களில் கேட்டாற் போதும்.

அங்கத்தினர் செய்யவேண்டியது

பெற்றோர் இருவரும் நலமாயிருக்கும்போதே இதனைத் தொடங்குதல் நலம். முதலில் பிள்ளைக்குக் குறைபாட்டுச் சான்றும் வங்கிக் கணக்கும் பெறுங்கள். அவர் தொழில் செய்தால் கூலி அவர் பெயரிலேயே சேரட்டும். மனு பற்றிய விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியுங்கள். அவருடைய விருப்பு, வெறுப்பு, மருந்து, அச்சம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நாளை பொறுப்பேற்பவர்க்கு அதுவே முதல் வழிகாட்டி. காப்பாளர் ஆகவிருப்பவருடனும் பிள்ளையுடனும் ஒருங்கே அமர்ந்து இவற்றை இவ்வாண்டே பேசி முடியுங்கள்.