ராத்திரியில் கடையை இடிக்கலாமா?

ராமேஸ்வரம் ரத வீதிகளில் பல கட்டடங்களில் கடைக்கும் படுக்கைக்கும் நடுவே இருப்பது ஒரு காங்கிரீட் தளம்தான். கீழே சங்கு, சிப்பி, பாசிமாலைக் கடை. மேலே ஒரு குடும்பம் இருக்கும், இல்லாவிட்டால் லாட்ஜ் அறை. ராமநாதபுரத்தில் அரண்மனை, சாலைத் தெரு, வண்டிக்காரத் தெரு பக்கம் போனாலும் கடையும் வீடும் இப்படி ஒட்டித்தான் நிற்கின்றன. உப்புக்காற்று ஷட்டரைத் தின்கிறது. தளத்துக் கம்பி துருப்பிடித்து ஊத, காரை பெயர்ந்து விழுகிறது. ஆகவே இந்தக் கடற்கரையில் கடையைச் சீர்செய்யும் வேலைக்கு முடிவே இல்லை. பகலில் யாத்திரிகர் கூட்டம்; கடையை ஒரு நாள் மூடினாலும் வியாபாரம் போய்விடும். இரவில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே பிரேக்கர் மெஷினை ஓட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரருக்குத் தோன்றுவது இதனால்தான்.

குடியிருப்புப் பகுதியில் அது சட்ட மீறல். பலருக்கு இது தெரியாது. ஒலி மாசு என்றாலே நமக்குக் கோயில் திருவிழா ஒலிபெருக்கியும் கல்யாண மண்டபமும்தான் நினைவுக்கு வரும். மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டில் வந்தபோது அவற்றின் முக்கியக் குறியும் ஒலிபெருக்கிதான். 2010 ஜனவரியில் கொண்டுவந்த திருத்தத்தில் 5-ஏ என்ற விதி சேர்ந்தது. சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவிகளைக் குடியிருப்புப் பகுதிகளிலும் அமைதி மண்டலங்களிலும் இரவு நேரத்தில் இயக்கக் கூடாது என்கிறது அது. இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. "சத்தம் குறைவாக இருந்தால் பரவாயில்லை" என்ற சலுகை அந்த வரியில் இல்லை.

"இது குடியிருப்பு இல்லை சார், பஜார்" என்பார் கடைக்காரர். வாதத்தில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. எந்தப் பகுதி குடியிருப்பு, எது வணிகம் என்று பிரிக்க வேண்டியது மாநில அரசு. வீடும் கடையும் கலந்த தெருவை ஏதாவது ஒரு வகையில் சேர்க்கலாம் என்றும் விதியே சொல்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். 2017 திருத்தத்துக்குப் பிறகு, அரசு தனியாக அறிவித்தால்தான் அது அமைதி மண்டலம். அதனால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் பக்கத்துக் கடை என்றாலும், முதலில் அறிவிப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, பஜார் என்றே வைத்துக்கொள்வோம். வணிகப் பகுதிக்கு இரவு வரம்பு 55 டெசிபல், குடியிருப்புக்கு 45. பிரேக்கர் எவ்வளவு சத்தம் போடும்? அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் கட்டுமான ஒலிக் கணக்கேட்டில், காங்கிரீட் உடைக்கும் கருவிக்கு 15 மீட்டர் தள்ளி நின்று அளந்த அளவு 89 டெசிபல். கடைகளில் பிடிக்கும் சிறிய மெஷின் இதைவிடக் குறைவாகச் சத்தம் போடலாம். ஆனால் பக்கத்து வீடும் 15 மீட்டர் தள்ளி இல்லை, சுவரோடு ஒட்டித்தான் இருக்கிறது. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் 89 என்பது 45-ஆக இறங்க 2 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நடுவில் கட்டடங்கள் தடுக்கும் என்பதால் நிஜத்தில் அவ்வளவு தூரம் கேட்காது. ஆனால் இரு பக்கமும் மாடிகள் நிற்கும் சந்தில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி எதிரொலிக்கும்.

"கால் மணி நேர வேலைதானே?" விதியில் உள்ள வரம்பு நேரச் சராசரிதான், அதனால் இந்தக் கேள்வியையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். 8 மணி நேர இரவில் 15 நிமிடம் மட்டும் 89 டெசிபல் ஓடி, மீதி நேரம் முழு அமைதி என்று வைத்தாலும் சராசரி 74 வரும். குடியிருப்பு வரம்பை மட்டுமல்ல, வணிக வரம்பையும் அது எங்கோ தாண்டிவிடுகிறது. ஆக, பஜார் என்று நிரூபித்தும் கடைக்காரருக்கு லாபம் இல்லை.

மேல்மாடிக்காரருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தளத்தில் அடிக்கும் அடி காற்று வழியாக மட்டும் போவதில்லை. தூண், பீம் வழியாக ஏறிக் கட்டில் காலுக்கே வந்துவிடும். தண்டவாளத்தில் காதை வைத்தால் தூரத்து ரயில் கேட்பது போலத்தான். ஷட்டரை மூடினால் தெருவுக்குப் போகும் சத்தம் குறையுமே தவிர, மாடிக்குப் போவது குறையாது.

ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொல்வது குளிர்தேசத்து யோசனை. நன்றாக மூடிய ஜன்னல் 25 டெசிபல் வரை தடுக்கலாம். பாதி திறந்திருந்தால் 15 டெசிபல் அளவுக்குத்தான் குறையும். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் இங்கே யார் ஜன்னலைச் சாத்துவார்கள்? மொட்டை மாடியில் பாய் விரிப்பவருக்கு அந்த 15-ம் கிடையாது. படுக்கையறைக்குள் 30 டெசிபல், திடீர்ச் சத்தம் என்றால் 45-க்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. தவிர, இந்த ஊரின் தூக்கமே குட்டை. அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு 4 மணிக்கே எழுகிறவர்கள் 9, 10 மணிக்குப் படுத்தால்தான் உண்டு.

இரவு வேலையே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. பகலில் கூட்டம் நெரியும் தெருவில் பெயின்ட் அடிக்கவும் ஒயரிங் இழுக்கவும் இரவுதான் வசதி. தவறு இரவில் இல்லை, வேலையை அடுக்கும் வரிசையில்தான். கடை முழுவதையும் ஒரே மேஸ்திரியிடம் கொடுத்து "மூணு ராத்திரியில் முடிச்சுக் கொடு" என்று சொன்னால், அவர் முதல் ராத்திரி இடிக்கத்தானே வேண்டும்?

இடிப்பது, டைல்ஸ் பெயர்ப்பது, சுவரில் காடி வெட்டுவது, ஷட்டர் பிடுங்குவது ஆகியவற்றைப் பகலுக்கு ஒதுக்கிக் கடையை ஒன்றிரண்டு நாள் மூடத்தான் வேண்டும். ராமேஸ்வரத்தில் கோயில் நடை மதியம் 1 மணிக்குச் சாத்தி 3 மணிக்குத் திறக்கும். சன்னதித் தெருவிலும் ரத வீதியிலும் நடமாட்டம் இறங்கும் அந்த நேரத்துக்கு மிக மோசமான சத்தத்தைத் தள்ளிவிடலாம். பகல் என்பதால் இஷ்டத்துக்கு ஓட்டலாம் என்றும் இல்லை: குடியிருப்புக்குப் பகல் வரம்பு 55, வணிகப் பகுதிக்கு 65. விசைப்படகில் போய் மறுநாள் காலையில் கரையேறுகிற மீனவர் தூங்குவதும் பகலில்தான். இரவை மட்டும் காக்கும் 5-ஏ விதி அவரைக் கணக்கில் எடுக்கவில்லை.

இரவுக்கு மிச்சமிருக்கும் வேலையிலும் சத்தம் வரும் இடங்கள் உண்டு. டைல்ஸையும் பிளைவுட்டையும் அளவெடுத்து வேறு இடத்தில் பகலிலேயே வெட்டிக் கொண்டுவந்துவிட்டால் கட்டரும் கிரைண்டரும் கடைக்குள் வர வேண்டியதில்லை. இடிபாட்டைச் சாக்கில் கட்டி வைத்து விடிந்தபின் ஏற்றலாம். நள்ளிரவில் குட்டியானை வண்டியின் தகரத் தளத்தில் செங்கல்லைக் கொட்டும் சத்தத்துக்குப் பிரேக்கரே தேவலாம். ஜெனரேட்டரைத் தவிர்த்துக் கடை மின் இணைப்பிலேயே வேலை பார்க்கலாம். இரும்பு ஏணிக் காலுக்கு ஒரு ரப்பர் துண்டு வையுங்கள். சத்தத்தை மறிக்கத் தகரத் தடுப்பு மட்டும் வைத்தால் அதுவே அதிரும், பின்னால் கனமான எதையாவது சாய்த்தாக வேண்டும்.

சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் சுவர் இடிப்பது, டைல்ஸ் பெயர்ப்பது, வெட்டுவது எல்லாம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9-லிருந்து மாலை 5-க்குள் முடிய வேண்டும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளில் கூடாது. வேலை தொடங்குமுன் அண்டை வீட்டாருக்கு ஒப்பந்ததாரர் தகவல் கொடுத்தாக வேண்டும். நம் ஊருக்கு இதில் செலவே இல்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடியது கடைசி விஷயம்தான். எந்தெந்த நாள், எத்தனை மணி வரை, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மாடிக்காரர் கையில் கொடுப்பது.

இதையெல்லாம் சொல்லியும் கடைக்காரர் கேட்காவிட்டால்? சாதாரணமாக, வரம்பைவிட 10 டெசிபல் அதிகம் இருந்தால்தான் புகார் என்கிறது ஒலி மாசு விதிகளில் 7-ஆவது. இரவுக் கட்டுப்பாட்டை மீறினால் அந்த அளவுக் கணக்கு தேவையில்லை. மீட்டர் இல்லாமலே புகார் கொடுக்கலாம். முதலில் 112-ஐ அழைத்து அன்றிரவே வேலையை நிறுத்தக் கேளுங்கள். பல நாள் தொடர்ந்தால் ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். பொதுத்தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆவது பிரிவின்படி, நிர்வாக நடுவரான கோட்டாட்சியருக்கும் உண்டு. இந்த ஒலி விதிகளுக்குத் தாயான சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில், மீறலுக்கு முன்பு சிறைத்தண்டனை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அது போய், 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்றாகிவிட்டது. ஒரு நாள் வியாபாரத்தை இழக்கத் தயங்குகிறவர் இந்த எண்ணையும் பார்த்து வைப்பது நல்லது.

மனுவில் "தூங்க முடியவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். தேதி, தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், கடையின் பெயர், ஓடிய மெஷின் ஆகியவற்றை எழுதி, நேரம் தெரியும்படி எடுத்த ஒரு நிமிட வீடியோவைச் சேர்த்து, 5-ஏ விதியைக் குறிப்பிடுங்கள். பக்கத்து வீட்டார் இரண்டு பேரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.