பொடிசு உலகம் – 17: இரண்டு பேட்டரி போட்ட கணக்கு

இந்த வாரம் மாடல்களில் துரு வரவைப்பதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்; அதற்கு முன் ஒரு பயணம். 1/72, 1/48 என்ற மாடல் அளவுகள் உங்களுக்கு மறந்திருக்காது: ஆறடியை ஓர் அங்குலமாக்கினால் முதலாவது, ஓரடியைக் கால் அங்குலமாக்கினால் இரண்டாவது. அது போதும், வண்டியில் ஏறுங்கள்.

டோக்கியோவிலிருந்து ஷிசுவோகாவுக்கு டோமெய் நெடுஞ்சாலையில் 160 கிலோமீட்டர் சொச்சம். ஓட்டியவர் என் தங்கை கணவர். நம்மூர் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு, அதனால் பயமில்லை. சுங்கக் கட்டணம்தான் பயமுறுத்தியது. வழியில் எபினா ஓய்விடத்தில் எல்லோரும் வாங்கும் மெலன் பன்னை நாங்களும் வாங்கினோம். ஃபியூஜி மலை வலப்பக்கம் இருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். மேகம் இருந்தது.

“பொம்மை பார்க்கவா மச்சான் இவ்வளவு தூரம்?” என்றார். பிடித்துக்கொண்டேன். யூயி பக்கம் சாலை கடலோரமாக ஓடும்வரை நான் வாயை மூடவில்லை.

உலகம் முழுக்க டாங்கி மாடல்கள் 1/35 அளவில் வருகின்றன. அடிக்கும் அங்குலத்துக்கும் அடங்காத எண்; மீட்டருக்கும் ஒத்துவராது. எங்கிருந்து வந்தது? 1946-இல் மரக்கடையாக ஆரம்பித்த ஷிசுவோகாவின் தமியா நிறுவனம், 1960-இல் ‘யமாட்டோ’ போர்க்கப்பலைத் தன் முதல் பிளாஸ்டிக் மாடலாக இறக்கிக் கையைச் சுட்டுக்கொண்டது. போட்டி நிறுவனம் அதே கப்பலை மலிவாக விற்றுவிட்டது. அடுத்த ஆண்டு, ஜெர்மனியின் ‘பாந்தர்’ டாங்கி. கொமாட்சுசாகி ஷிகெருவின் ஓவியம் பெட்டிமேல், உள்ளே மோட்டார். மோட்டார் என்றால் பேட்டரி வேண்டும். இரண்டு பேட்டரி வயிற்றுக்குள் அடங்கும்படி டாங்கியின் அளவை முடிவு செய்தார்கள். விகிதம் அப்புறம்தான்: அளந்து பார்த்தால் ஏறக்குறைய 1/35! அந்த டாங்கி விற்றது, அடுத்தடுத்தவையும் அதே அளவில் வந்தன, மற்ற நாட்டு நிறுவனங்களும் வரிசையில் நின்றன. அந்நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு தமியாவே இதை எழுதி வைத்திருக்கிறார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். நிஜப் பாந்தரின் அகலம் 3.27 மீட்டர். இருபுறச் சங்கிலிப் பட்டைகள் தலா 66 சென்டிமீட்டர். 35-ஆல் வகுத்தால் பட்டைகளுக்கு நடுவே ஐந்தரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுத்தர பேட்டரியின் தடிமன் 2.6. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 5.2. பிளாஸ்டிக் சுவருக்கும் இடம் விட்டாயிற்று! ராணுவ ரகசியம் எதுவும் இல்லை, டார்ச் லைட் பேட்டரிதான்.

“அதற்காக ஸ்டியரிங்கைத் தட்டாதீர்கள் மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

இதே ஷுன்சாகுதான், ஜெர்மனிக்கு நடையாய் நடந்தும் விவரம் போதாமல், ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிக் கழற்றிப்போட்டவர். கழற்றியதைத் திரும்பப் பூட்ட போர்ஷே ஆள் வரவேண்டியிருந்தது. 1976-இல் வந்த 1/12 போர்ஷே 934 இப்படிப் பிறந்ததுதான். கிறுக்கு என்றால் இப்படி இருக்கவேண்டும்.

ஷிசுவோகா பழைய தச்சர் ஊர். மரவேலைக் கை பிளாஸ்டிக்குக்கு மாறியது, அவ்வளவே. தபால் பெட்டியையும் தொலைபேசிக் கூண்டையும் பாகங்களைப் பிரிக்காத மாடல் சட்டகம் போலவே செய்து தெருவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

நாங்கள் பார்க்க வந்த மாடல் கண்காட்சி ஆண்டுதோறும் மே மாதம், ‘ட்வின் மெஸ்ஸே’ அரங்கில். ஒருபக்கம் தமியா, ஹசெகவா, அவோஷிமா, பண்டாய் என நிறுவனங்களின் புது வரவு. அங்கே கூட்டம் நெரிந்தது, சீக்கிரம் நழுவினேன். மறுபக்கம் மாடல் சங்கங்களின் மேஜைகள். என் மனசு அங்கேதான். ஒரு மேஜையில் சேற்றில் சிக்கிய லாரி. பக்கத்தில் கைலியை மடித்துக் கட்டியது போல் ஏதோ துணி சுற்றிய ஓர் ஆள். ஐந்தரை அடிக்குச் சற்றே மேலான மனிதன் இங்கே ஐந்து சென்டிமீட்டர். கொடியில் காய்ந்த சட்டை, பசையில் நனைத்த டிஷ்யூ தாள். புகைக்குழாயில் மட்டும் பொருக்குப் பொருக்காகத் துரு. அதைச் செய்தவரிடம் மாப்பிள்ளை ஜப்பானிய மொழியில் கேட்டார். “சமையல் சோடா” என்று பதில் வந்தது.

இடம் முடிந்துவிட்டது. திரும்பும்போது ஞாயிறு மாலை நெரிசலில் யமாட்டோ சுரங்கப்பாதை வாசலில் ஊர்ந்தோம். அந்தப் பெயருக்கே ராசியில்லை போலும். சமையல் சோடா துருவாகும் விதம் அடுத்த வாரம், நிச்சயம்.