லடாக் வானம் ஏன் சிவந்தது?

2024 மே 10ஆம் தேதி இரவு. லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லே வானாய்வு மையத்தின் கேமராவில் வடக்கு அடிவானம் செக்கச்செவேலென்று பதிவானது. நார்வேக்காரர்களும் ஐஸ்லாந்துக்காரர்களும் பார்த்துப் பழகிய துருவ ஒளி இமயமலை வரை இறங்கி வந்திருந்தது. 2003ஆம் ஆண்டுக்குப் பிறகு பூமியைத் தாக்கிய மிகக் கடுமையான காந்தப்புயல் அது.

'சூரியனில் பெரிய வெடிப்பு, துருவ ஒளி தெரியும்' என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. ஆனால் வெடிப்பு மட்டுமே துருவ ஒளியைக் கொண்டுவந்துவிடாது. சூரியனின் கரும்புள்ளிகளுக்கு மேலே காந்தப்புலம் முறுக்கேறிக் கிடக்கும். அந்த முறுக்கு அறுந்து வேறு விதமாக இணையும்போது, தேங்கிய ஆற்றல் எக்ஸ் கதிர்களாகவும் புற ஊதாக் கதிர்களாகவும் பீறிடுகிறது. இதைத்தான் சூரியக் கிளர்வு என்கிறோம். ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று தரம் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் பத்து மடங்கு. இந்தக் கதிர்கள் எட்டேகால் நிமிடத்தில் நம்மை அடைந்து, பகலாக இருக்கும் பக்கத்தில் சிற்றலை வானொலியைக் கெடுக்கும். அதோடு அவற்றின் வேலை முடிந்தது.

துருவ ஒளிக்கு வேண்டியது, கிளர்வோடு சேர்ந்து சில சமயம் கிளம்பும் பிளாஸ்மா மேகம். நூறு கோடி டன் எடைகூட இருக்கும். சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு ஒன்று முதல் மூன்று நாளில் பூமிக்கு வரும். 1859 செப்டம்பரில் வானியலாளர் ரிச்சர்டு காரிங்டன் கண்ட கிளர்வைத் தொடர்ந்து வந்த மேகமோ பதினெட்டு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. மும்பை கொலாபாவில் இருந்த காந்தமானி அது கிளப்பிய காந்தப்புயலைப் பதிவு செய்திருக்கிறது.

மேகம் நம் பக்கம் வந்தாலும் போதாது. அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் வடக்கு நோக்கிய பூமியின் புலத்தோடு இணைந்து ஆற்றல் உள்ளே நுழையும். இந்தத் திசையை மேகம் அருகில் வந்த பிறகே அளக்க முடிகிறது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஆதித்யா எல்-1 விண்கலத்தில் அதற்கான காந்தமானி இருக்கிறது. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய கலம் அது. அங்கே அளந்த பின் நமக்குக் கிடைப்பது அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேர அவகாசம். துருவ ஒளி முன்னறிவிப்புகள் அடிக்கடி பொய்ப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். கணிப்பவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஹான்லேயில் ஏன் பச்சை தெரியாமல் சிவப்பு மட்டும் தெரிந்தது? இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்த்த கேள்வி இது. மேலிருந்து பாயும் எலெக்ட்ரான்கள் ஆக்சிஜன் அணுவைக் கிளர்ச்சியூட்டுகின்றன. அணு பச்சை ஒளியை உமிழ ஏறக்குறைய முக்கால் விநாடி போதும். சிவப்பு ஒளிக்கோ இரண்டு நிமிடம் வரை ஆகும். காற்று அடர்ந்த இடத்தில் அவ்வளவு நேரம் எதிலும் மோதாமல் ஓர் அணு இருக்க முடியாது. மோதினால் ஆற்றல் கைமாறிப் போய்விடும். எனவே சிவப்பு 200 கிலோமீட்டருக்கு மேலேதான் பிறக்கிறது, பச்சை அதற்குக் கீழே. வெகுதூரம் தெற்கிலிருந்து பார்ப்பவருக்குப் பூமியின் வளைவு கீழ்ப்பகுதியை மறைத்துவிடுவதால், உச்சியில் இருக்கும் சிவப்பு மட்டுமே எஞ்சுகிறது.

தமிழ்நாட்டில் இதை எதிர்பார்க்க வேண்டாம். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. இங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடப்பதால் துகள்கள் அவற்றின் வழியே நம் தலைக்கு மேல் இறங்க முடியாது. ஆனாலும் திருநெல்வேலியில் உள்ள புவிகாந்த ஆய்வுக்கூடத்தின் கருவிகளில் புயலின் தடம் விழும்.

டொரான்டோவிலும் லண்டனிலும் ஆஸ்லோவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. பதினோரு ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தைச் சூரியன் 2024 வாக்கில் தொட்டது. உச்சம் கடந்தாலும் வாய்ப்பு முடிந்துவிடாது; 2003 புயலும் அப்படியோர் உச்சம் கடந்த பிறகு வந்ததுதான். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிக் கூடுதல் கவனம் வையுங்கள். காந்தப்புயலின் கடுமையைக் காட்டும், பூஜ்யத்திலிருந்து 9 வரை போகும் கேபி எண் 7ஐ எட்டுகிற இரவில் நகர வெளிச்சத்தை விட்டு விலகி வடக்கே பாருங்கள். ஆஸ்லோவில் அதைவிடக் குறைவாக இருந்தாலே போதும். கண்ணுக்கு வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கைபேசியின் இரவு நிலையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், நிறம் தெரிந்துவிடும். ஒளி அலை அலையாக வந்து போகும் என்பதால் பத்து நிமிடத்தில் வீடு திரும்பிவிடாதீர்கள்.