பாறசாலை வீட்டைப் பஞ்சாயத்துக்குக் கொடுக்குமுன்

1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைகள் மாறியபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலைத் தமிழ்க் குடும்பங்களின் வீடும் நிலமும் அன்று முதல் கேரள அலுவலகங்களின் கீழ் வந்தன. பிழைப்புக்காக வெளியூர் வந்துவிட்ட நம்மில் பலருடைய வீடுகள் அங்கே பூட்டிக் கிடக்கின்றன. அங்கன்வாடிக்கோ வாசகசாலைக்கோ அந்த வீட்டைப் பஞ்சாயத்து கேட்டால் என்ன செய்வது?

கேட்பது புதிதல்ல. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் 1994இல் வந்தது. அடுத்த ஆண்டே ஆரம்ப சுகாதார நிலையம், கிருஷி பவன் போன்றவை பஞ்சாயத்துகளின் பொறுப்பாயின. சொந்தக் கட்டடம் இல்லாத இடத்தில் வாடகைக் கட்டடம்தான் வழி. ஊர்க் குழந்தைகளுக்காக வீட்டைக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் வாய்ப்பேச்சில் கொடுப்பதுதான் பின்னால் வம்பாகிறது.

வாடகை வாங்காமல், "இருந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தால் அது வெறும் அனுமதி, குத்தகை ஆகாது. அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த அனுமதியை நம்பி, எதிர்த்தரப்பு தன் செலவில் நிலையான கட்டுமானம் ஏதும் எழுப்பிவிட்டால், அனுமதியை ரத்து செய்ய முடியாது என்கிறது 1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தின் 60ஆம் பிரிவு. ஆகவே, எழுத்து மூலமான சம்மதம் இன்றி எதையும் கட்டக்கூடாது என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

வாடகைக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம் போடுகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதே இதற்குக் காரணம். 11 மாதம் முடிந்த பிறகும் வாடகையை வாங்கிக்கொண்டிருந்தால் அது மாதக் குத்தகையாகத் தொடரும். 15 நாள் நோட்டீசில் அதை முடிக்கலாம் என்று சொத்து மாற்றச் சட்டம் சொன்னாலும், 1965ஆம் ஆண்டுக் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலில் உள்ள இடங்களில் நோட்டீஸ் மட்டும் போதாது. அலுவலகம் பல ஆண்டுகள் இருக்கும் என்று தெரிந்தால், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு எழுதிப் பதிவு செய்வதே இரு தரப்புக்கும் நல்லது. பதிவாகாத நீண்டகாலக் குத்தகைப் பத்திரத்தின் நிபந்தனைகளை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது.

பத்திரத்தில் இவை இருக்கட்டும்: சர்வே எண், கதவு எண், நான்கெல்லை; என்ன உபயோகத்துக்கு; காலம்; வாடகை, அது உயரும் விதம்; கட்டட வரி, மின்கட்டணம், மராமத்து யார் பொறுப்பு; திரும்ப ஒப்படைக்கும் நாள். பாகப்பிரிவினை ஆகாத வீடானால் பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரின் வாய்வார்த்தை போதாது. கமிட்டித் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

வீடு கேரளத்தில் இருப்பதால் கேரளப் பதிவு அலுவலகத்தில்தான் பதிவு செய்ய முடியும். எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் பதிய இயலாது. பத்திரம் பொதுவாக மலையாளத்தில் இருக்கும்; வரிக்கு வரி தமிழில் கேட்டறிந்த பிறகே கையெழுத்திடுங்கள். பத்திரத்தின் மொழி பதிவாளருக்குத் தெரியாமலும் அந்த மாவட்டத்தில் வழங்காமலும் இருந்தால், மாவட்ட மொழியில் சரியான மொழிபெயர்ப்பை இணைக்கவும் பதிவுச் சட்டம் வழி செய்கிறது.

நேரில் போக முடியாதவர்கள் முக்தியார் கொடுக்கலாம். பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்யும் அதிகாரம் அதில் சேர வேண்டுமானால், இந்தியாவில் இருப்பவர்கள் தாம் வசிக்கும் பகுதியின் பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன்னும், வெளிநாட்டில் இருப்பவர்கள் நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன்னும் கையெழுத்திட வேண்டும். வாடகைக்கு விடும் அதிகாரம் மட்டும் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்த்து எழுத வேண்டாம்.

எழுதி வாங்குவதை அவநம்பிக்கை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. நாளை பங்காளிகளுக்குள் தகராறு வந்தாலும், குத்தகைக் காலம் முடியும்வரை அந்த அங்கன்வாடிக் குழந்தைகளை வெளியேற்ற முடியாதபடி காப்பதும் அதே பத்திரம்தான்.